மச்சானின் இஞ்சின் சூடு

லாரியின் பின்சக்கரத்தோரம் மச்சான் ஒன்றுக்குப் போக ஒதுங்கினால், நான் டீ குடித்து, முன்கண்ணாடி துடைத்து, எல்லா டயரையும் தட்டிப் பார்த்துவிட்டு வருவேன். அவர் அதே இடத்தில் ஒரு கையை டயரில் ஊன்றி, தலையைக் குனிந்து, முக்கிக்கொண்டு நிற்பார். சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அக்கா புருஷன் என்ற மரியாதையில் எனக்கு அப்போதே பாதி போய்விட்டிருந்தது. மீதியையும் அவரே கெடுத்துக்கொண்டார்.

சங்ககிரியில் ஒரே லாரிக்கு இரண்டு டிரைவர்களாக நாங்கள் ஏழு வருஷம் ஓட்டினோம். இரண்டாம் வருஷம், வடக்கே ஓர் ஊரில் லோடு கிடைக்காமல் மூன்று நாள் கிடந்தபோதுதான் அந்தக் கூத்து நடந்தது. ஆணுறுப்பின் நுனியில் துளை போட்டு வளையம் மாட்டினால் ஆம்பளத்தனம் கூடும் என்று எவனோ ஒரு டிரைவர் அவருக்கு ஏற்றிவிட்டிருந்தான். எதிரே பச்சை குத்தும் கடை. கடைக்காரன் ஊசியை அழுக்குத் துணியில் துடைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடைக்காரனை இன்று பார்த்தாலும் அறைவேன்.

பத்தே நாளில் சீழ் வைத்தது. ஆஸ்பத்திரியில் போய் அவிழ்த்துக் காட்டுவதற்கு மானம் தடுத்தது. வண்டியில் கிடந்த கட்டிங் பிளேயரால் வளையத்தை வெட்டி அவரே உருவி எறிந்தார். வெளிப்புண் ஆறிவிட்டது. உள்ளே மூத்திரக்குழாயில் விழுந்த தழும்பு வருஷா வருஷம் இறுகிக்கொண்டே வந்தது.

எங்கள் தொழிலில் மூத்திரத்தில் என்ன கோளாறு வந்தாலும் அதற்கு ஒரே பெயர் இஞ்சின் சூடு. இளநீர், ஊறவைத்த வெந்தயம், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். அதற்கு மேல் ஒருவரும் துருவிக் கேட்க மாட்டார்கள். மச்சான் அந்தப் பெயருக்குள் வசதியாக ஒளிந்துகொண்டார். அக்கா பாவம், ஒவ்வொரு டிரிப்புக்கும் வெந்தயம் கட்டிக் கொடுத்தாள். நான் வழியெல்லாம் இளநீர் வெட்டி வாங்கிக் கொடுத்தேன். அடிக்கடி நிறுத்த வேண்டியிருக்கிறதே என்று அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒருமுறை வாயெடுத்தேன்.

"உங்கக்காகிட்ட வாயத் தொறந்தீன்னா ஊட்டுப் பக்கமே வராத," என்றார்.

நானும் திறக்கவில்லை.

போன கோடையில் ஒருநாள் மூத்திரம் அடியோடு நின்றுவிட்டது. அடிவயிறு பானையாக உப்பி, அவர் கட்டிலில் புரண்டார். அக்காவும் நானும் சேலத்துக்குக் கொண்டுபோனோம். எத்தனை நாளாக இப்படி, ஏதாவது அடிபட்டதா என்று டாக்டர் கேட்டார். அந்த வலியிலும் மனிதர் கூசாமல் சொன்னார்:

"டிரைவர் பொழப்புங்க. இஞ்சின் சூடுதானுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அக்கா பக்கத்தில் நிற்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் ஊசி, வளையம், பிளேயர் எல்லாவற்றையும் டாக்டரிடம் கொட்டிவிட்டேன். அடிவயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்து மூத்திரத்தை வெளியே எடுத்தார்கள். அவ்வளவு காலம் தேங்கி நின்ற மூத்திரம் பின்னால் அழுத்தி, ஒரு சிறுநீரகம் செத்தேபோயிருந்தது. இன்னொன்று பாதிதான் வேலை செய்தது. எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் அந்த இடத்தில் துளை போட்டால் இந்த ஆபத்து உண்டு என்றார் டாக்டர். தழும்பேறிய மூத்திரக்குழாயை அறுவை செய்து சரிப்படுத்தலாம், முதலில் நீர் மெலிந்து வந்தபோதே காட்டியிருந்தால் சிறுநீரகமும் தப்பியிருக்கும் என்றார்.

இப்போது மச்சான் வீட்டில் கிடக்கிறார். டாக்டர் முன்னால் நான் அவர் மானத்தை வாங்கிவிட்டதாக உறவில் எல்லோரிடமும் சொல்கிறாராம். சொல்லிக்கொள்ளட்டும். அவரை எனக்குப் பிடிக்கவில்லை, இனியும் பிடிக்காது.

ஆனால் அன்று வார்டுக்கு வெளியே அக்கா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. என் பக்கம்தான் திரும்பினாள்.

"இத்தன வருசமும் தெரிஞ்சுக்கிட்டேதான் எளநி வாங்கிக் குடுத்தியா சாமி?"

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. மச்சானோடு இன்றும் பேசுகிறாள்.