தேன் தொட்டு வைக்கிற கை

தில்லையடியின் அந்தக் குறுகலான ஒழுங்கையில் ஆண்பிள்ளை பிறந்தால் உம்மு குல்சூமைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகத் தேன் தொட்டு வைப்பவரைப் போலவே பிள்ளையும் வளரும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. அவள் தையல் மெசின் மிதித்துத் தனியாளாக வளர்த்த மகன் சுஹைர், அதிர்ந்து பேசாதவன். "என்ட சுஹைர் மாதிரி வரட்டும்" என்று சொல்லித்தான் விரலை வைப்பாள்.

சுஹைருக்கு வைத்ததும் அவள்தான். சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு வந்து, முகாமின் ஓலைக் குடிசையில் அவனைப் பெற்றபோது, தில்லையடி ஊர்க்காரி றஹ்மத் உம்மா தேன் போத்தலோடு வந்தார். முகாமுக்குச் சோறு சமைத்து அனுப்பிய மனிசி.

"சோறு தந்தீங்க, வாங்கித் தின்டோம். என்ட புள்ளைட வாயில நான்தான் வைப்பன்," என்றாள் உம்மு குல்சூம். தேனையும் வாங்கவில்லை. சீனியைத் தண்ணீரில் கரைத்துத் தன் விரலாலேயே வைத்தாள். றஹ்மத் உம்மா போத்தலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனார்.

சண்டை முடிந்து பலர் மன்னாருக்குத் திரும்பிய பிறகும் அவள் போகவில்லை. யாரிடமும் எதையும் கேட்காமல் ஒரு பிள்ளையை ஆளாக்கினேன் என்று சொல்லிக்காட்ட அவளுக்கு அந்த ஒழுங்கை வேண்டியிருந்தது.

மருமகள் ஸக்கியா வண்ணாத்திவில்லுக்காரி. கன்னம் வீங்கித் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். இது முதல் தரமல்ல. "கதவில அடிபட்டது எண்டு சொல்லு மகள்" என்று சொல்லிக்கொடுத்தவள் உம்மு குல்சூம். ஒவ்வொரு தரமும் அவளே போய், "இனி என்ட பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துக் கூட்டி வருவாள். மறுநாளும் போவதாக இருந்தது.

அன்று பக்கத்து வீட்டு மர்ஷூதா தன் ஆண்பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள்.

"மிட்வைப் மிஸ்ஸுக்குத் தெரிஞ்சா ஏசுவா மாமி, ஒரு துளி போதும்," என்றாள். அறையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

உம்மு குல்சூம் தேனில் விரலைத் தோய்த்தாள். பிள்ளை வாயைத் திறந்து மூடியது. "என்ட சுஹைர்..." என்று தொடங்கியவளுக்கு மேலே வரவில்லை. ஸக்கியாவின் கன்னம் கண்முன் நின்றது. இந்த நம்பிக்கை மெய்யென்றால் இந்தச் சின்ன வாய்க்குள் எதை வைக்கப் போகிறேன்? பொய்யென்றால் இத்தனை காலம் எதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன்? சுஹைர் பிறந்த அன்று அவன் நாக்கில் வேறு யாருடைய விரலும் படவில்லையே.

விரலை எடுத்துக்கொண்டாள்.

"வேற ஆரையும் வைக்கச் சொல்லு மகள். சுஹைர் ஸக்கியாவப் போட்டு அடிக்கிறான்."

சொல்லிவிட்டு, கூரை இடிந்து விழப்போவதுபோல் நின்றாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரியும் மாமி," என்றாள் மர்ஷூதா. "அவ அழுறது மதிலுக்கு இந்தப் பக்கம் கேக்காதா?"

"தெரிஞ்சுகொண்டா கூப்பிட்ட?"

"கூப்பிடாட்டி உங்களுக்கு நோகுமே. பாவமெண்டுதான்..."

முகாமில் றஹ்மத் உம்மாவின் சோற்றை வாங்கியபோதுகூட அவள் இப்படிக் கூசியதில்லை.

வீட்டில் சுஹைர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தேன் வச்சாச்சா உம்மா?"

"இல்ல."

"நாளைக்கு வெள்ளன பஸ்ஸில போனா, பகலுக்குள்ள அவளக் கூட்டிட்டு வந்துடலாம்," என்றான். எப்போதும்போல் மெதுவான குரல். அந்தக் குரலைத்தான் அவள் ஒழுங்கையெல்லாம் புகழ்ந்து திரிந்திருக்கிறாள்.

"நான் போகல்ல. என்ட பொறுப்பு எண்டு அவள்ட உம்மாக்கிட்டச் சொல்ல இனி எனக்கு வாய் வராது."

சுஹைர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினான். கதிரை பின்னால் சரிந்து விழுந்தது. அந்தச் சத்தத்தில் தன் உடம்பு தானாகவே சுவரோரம் ஒதுங்கியதை உம்மு குல்சூம் உணர்ந்தாள். ஸக்கியாவும் இந்தச் சுவரோடுதான் ஒதுங்கியிருப்பாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம், மர்ஷூதா வீட்டில், பேச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது.