இடது பக்கத்து ஸலாம்

இன்று சிம்மக்கல்லில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் பெண்கள் தொழுகிற அறையில் மதியத் தொழுகையான லுஹருக்கு நின்றேன்.

கட்டாயத் தொழுகையான பர்ளை முடிக்க, வலது பக்கம் ஸலாம் சொல்லி இடது பக்கம் திரும்பினால், என் நாத்தனார் தொழுதுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். என் மகள் கல்யாணப் பந்தியில், "பிரியாணியில கறியத் தேடிக்கிட்டிருக்கேன்" என்று சத்தமாகச் சொன்னவள். அன்றிலிருந்து நான் அவளோடு பேசுவதில்லை. அந்த மகளுக்கே இப்போது மருமகள் வந்துவிட்டாள்.

ஸலாமைப் பாதியில் நிறுத்த முடியுமா? சொல்லி முடித்தேன்.

"வ அலைக்கும் ஸலாம் மைனி. இப்பயாச்சும் வாயத் தொறந்தீகளே!"

அது இரு தோளிலும் இருக்கிற வானவர்களான மலக்குகளுக்குச் சொன்ன ஸலாம் என்று விளக்கலாம். விளக்கினால் பேசியதாகிவிடும். எழுந்து அடுத்த தொழுகையான சுன்னத்தைத் தொழுதேன். அதுவும் ஸலாமில்தான் முடிகிறது.

"வ அலைக்கும் ஸலாம் மைனி."

நஃபில் தொழுதால் நன்மை, தொழாவிட்டால் குற்றமில்லை. தொழுதேன். மறுபடியும் அதே பக்கம், அதே முகம்.

"வ அலைக்கும்..."

"ஏண்டி, ஒனக்கா சொன்னேன்? மலக்குகளுக்குச் சொன்னேன்டி!"

"சரி மைனி. மலக்குகளுக்குப் பசிக்காது. நீங்க எந்திரிங்க, பந்தி போட்டாச்சு."

போனேன். நான்தான் முதலில் பேசினேன் என்று சாயங்காலத்துக்குள் சொந்தம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

தொழுகையில் சொல்கிற ஸலாம் பேச்சில் சேராது என்றால், முதலில் பேசியது அவள்தானே? மார்க்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவளுடைய ஆட்கள் பதில் போட வேண்டாம்.