எடுத்துக் கட்டிய மிதி

பஞ்சாட்சரம் அத்தை மகள் ஏலவார்குழலியையே கட்டிக்கொண்டவர். இரண்டு பேருக்கும் ஒரே கூடத்தில் குழிக்குள் கால் விட்டு நெய்கிற குழித்தறி, ஆளுக்கொன்று. தொண்ணூற்றேழாம் வருஷம் ஆடியில் குழலிக்கு ஒரு கண் மங்கி, பதினைந்து நாளில் தெளிந்தது. அடுத்த தையில் இடது கால் மரத்துப்போனது. தறியை இயக்கும் மிதிக்கட்டையை அழுத்தினால் பாதியிலேயே கால் நின்றுவிடும்.

பஞ்சாட்சரத்தின் அண்ணன் பெண்டாட்டி ரேணுகாம்பாள், செய்வினைதான் என்று சாதித்தாள். சென்னையில் படம் எடுத்துப் பார்த்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் மேலுறை அங்கங்கே அழிகிற வியாதியாம். விட்டுவிட்டு வருமாம், அடியோடு போகாதாம். மாத்திரையோடு காலுக்குப் பயிற்சியும் எழுதிக் கொடுத்தார்கள். பஞ்சாட்சரத்துக்கு மாத்திரைதான் மருந்தாகப் பட்டது. முடியாத காலை யாராவது வேலை வாங்குவார்களா?

அவள் தறியில் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் குழிக்குள் இறங்கினார். இடது மிதியைக் கழற்றி, வலது மிதியை ஒட்டிக் கட்டினார். ஒரே காலால் மாற்றி மாற்றி மிதித்துக்கொள்ளலாம். தெருவே வந்து பார்த்து மெச்சியது. குழலி மூன்று வருஷம் அப்படியே நெய்தாள். நடக்கும்போதும் அவர் தோள்தான் அவளுக்கு இடது கால்.

வலது காலும் தளர ஆரம்பித்த பிறகுதான் பிசியோதெரபி செய்கிற தேவசகாயத்தைக் கூட்டி வந்தார்கள். மிதியை இப்படிக் கட்டியது யார் என்று அவர் கேட்க, பஞ்சாட்சரம் கொஞ்சம் பெருமையாகவே நான்தான் என்றார்.

தேவசகாயம் கோபப்படவில்லை. "ஒரு வழி அடைபட்டா மூளை வேற வழி தேடும்ங்க ஐயா. திரும்பத் திரும்ப அசைச்சாத்தான் தேடும். வேலையே குடுக்கலன்னா அந்தக் காலை மறந்துடும்" என்றார்.

அப்போதே பயிற்சி செய்திருந்தால் தேறியிருப்பாளா என்று கேட்டார் பஞ்சாட்சரம். கொஞ்சம் தேறியிருக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. அந்த 'இருக்கலாம்' அவரைத் தூங்க விடவில்லை.

மறுநாளே மிதியைப் பழைய இடத்தில் கட்டினார். குழலி பதினோரு மாதம் விடாமல் பழகினாள். கட்டைவிரல் அசைந்தது, பிறகு மிதி கால்வாசி இறங்கியது. ஐப்பசியில் வியாதி மறுபடி வந்து அதையும் கொண்டுபோயிற்று. அதற்கப்புறம் அவள் தறியில் உட்காரவில்லை.

"எல்லாம் என்னாலதாம்மா" என்றார் ஒருநாள்.

"நீ கொஞ்சம் கல்லு மனசா இருந்திருக்கலாம் மாமா" என்றாள் குழலி. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, எண்ணு. கிட்ட மட்டும் வராத" என்று சுவரைப் பிடித்து எழுந்தாள்.

தேவசகாயம் சொன்னபடி தினமும் இருபது எண்ணும் வரை பிடிக்காமல் நிற்கவேண்டும். அவள் உடம்பு ஆட ஆட, நீளப் பார்த்த கையை அவர் பின்னால் கட்டிக்கொண்டார். பன்னிரண்டில் அவள் ஒரு பக்கம் சாயவே, அவர் எண்ணிக்கையைத் தவறவிட்டார். மிச்சத்தை அவளே எண்ணினாள்.