திறந்து காட்டிய பெட்டி

பட்டாளத்துக்காரர் படமோ தீயணைப்பு வீரர் படமோ டிவியில் வந்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். சாகிற காட்சிக்குப் பயந்து இல்லை. செத்தவர் முகத்தை வீட்டாருக்குக் காட்டுவார்களே, அதைப் பார்க்க முடியாது.

என் அண்ணன் பட்டாளத்தில் இருந்தான். எல்லையில் பனி சரிந்து இறந்துபோனான். பல நாள் கழித்துத்தான் உடல் கிடைத்தது. வடக்கனந்தலுக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குப் பெட்டி வந்தபோது ஆணி அடித்து மூடியிருந்தது. திறக்க வேண்டாம் என்று கூட வந்த அதிகாரி சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் வாய்க்கரிசி போடாமல் யாரையும் எடுக்க மாட்டார்கள். கொடியை மடித்து எடுத்த பிறகு அம்மா அந்த மரப் பலகை மேல் அரிசியைப் போட்டாள். அது வழுக்கிக்கொண்டு மண்ணில் கொட்டியது.

அதற்குப் பிறகு அம்மா கரும்பு வெட்டப் போவாள், வருவாள், பேச மாட்டாள். என் வீட்டுக்காரர் சினிமாப் பைத்தியம். கள்ளக்குறிச்சியில் பட்டாளத்துப் படம் ஒன்று வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டார்.

"வாங்க அத்த. நம்ம மச்சான் மாதிரி ஆளுங்களப் பத்தி எடுத்துகீறாங்க. ஜனங்க கைதட்றதப் பாத்தா உங்களுக்கே ஒரு தெம்பு வரும்."

"நான் வந்து இன்னாத்தப் பாக்கப் போறேன்?" என்றாள். ஆனாலும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்தாள்.

படத்தில் கதாநாயகன் செத்தான். ஒரே விசில். பெட்டி ஊருக்கு வந்தது. திறந்தார்கள். தூங்குகிற மாதிரி முகம், ஒரு கீறல்கூட இல்லை. படத்து அம்மா இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

என் அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"யம்மோவ், உக்காரு! நீ இன்னா கண்ணாடியா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். நாலு பேர் சிரித்தார்கள். நான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

பஸ்ஸில் வரும்போது கேட்டாள். "அவங்களுக்குத் தொறந்து காட்னாங்களே. நமக்கு ஏன் காட்டல?"

"அது சினிமா அத்த," என்றார் அவர்.

"நீங்க அவன் மூஞ்சியப் பாத்தீங்களா?"

"இல்லிங்க."

"நீ?"

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

"அப்ப யாருமே பாக்கல," என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் தெளிந்திருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வருஷத் தெவசம் வந்தது. நான் விடியற்காலையே எழுந்து சமைத்து, வடை சுட்டு, இலை போட்டு எல்லாம் வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிடப் போனேன். அவள் அண்ணன் போட்டோவை மடியில் வைத்திருந்தாள். மாலையைக் கழற்றிவிட்டு, கண்ணாடி மேலிருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்ற?"

"உசுரோட கீறவனுக்கு எதுக்குடி பொட்டு? வந்து பாத்தா சிரிப்பான்."

அவள் எட்டிப் படையலைப் பார்த்தாள்.

"சோறு ஆறிப்போவுது பாரு. அத எடுத்து உங்க வூட்டுக்காரருக்குப் போடு. நீயும் துன்னு."

நாங்கள் சாப்பிட்டோம்.