பெயர் அழிந்த டப்பாவுடன் ஒரு கல்லறைத் திருநாள்

கல்லறைத் திருநாளன்று மதுரைப் பக்கம் போவது எப்படி, எந்த நேரத்தில் போனால் நல்லது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். இந்த நவம்பர் இரண்டாம் தேதி நான் போய் வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் தங்கை ஸ்டெல்லா மதுரை வீட்டைக் காலி செய்துவிட்டு பெங்களூரில் இருக்கும் மகளிடம் போகிறாள். போவதற்கு முன் அவள் கணவர் அந்தோணிராஜின் சாம்பலைக் கல்லறையில் வைத்துவிட வேண்டும் என்றாள். துணைக்குப் போனேன்.

அந்தோணிராஜ் கப்பலூர்த் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். கொரோனாவின் இரண்டாம் அலையில் இறந்தார். அந்த வாரம் குழி வெட்ட ஆள் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மின்மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சாம்பல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வந்தது. அந்த டப்பாவை அப்படியே ஒரு எவர்சில்வர் தூக்குவாளிக்குள் வைத்து, மாதா படத்துக்குக் கீழே இத்தனை வருடம் வைத்திருந்தாள். சாம்பலை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, கல்லறையில்தான் வைக்க வேண்டும் என்று அந்தோணிராஜின் ஊர்ப் பங்குத்தந்தை பலமுறை சொல்லியும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். பிரிய மனமில்லை போலும் என்று நானும் விட்டுவிட்டேன்.

திண்டுக்கல்லில் காலை ஆறரை மணிக்குப் பேருந்து ஏறினேன். அறுபத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் ஸ்டெல்லா குடியிருக்கும் கோச்சடைக்கு டவுன் பஸ் உண்டு. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முதல் நாள் பெய்த மழையில் ரோடெல்லாம் சேறு. பழைய செருப்போடு போங்கள்.

வீட்டில் பாதிச் சாமான் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது. கட்டில் மேல் தூக்குவாளி இருந்தது. ஸ்டெல்லா டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, நேரா கல்லறைக்குப் போகல. முதல்ல வண்டியூர் போயிட்டுப் போவோம்."

"வண்டியூர்ல யாரு?"

அவள் வாளியைத் திறந்து டப்பாவை எடுத்துக் காட்டினாள். மூடியில் நீல மை ஒரு பக்கமாக வழிந்து காய்ந்திருந்தது. எழுத்து என்று ஒன்றுமில்லை.

அன்று நடந்ததை அப்போதுதான் எனக்குச் சொன்னாள். மயானத்தில் அவளுக்கு முன்னால் சாந்தாராம் என்று ஒருவர், தன் அம்மாவின் சாம்பலுக்காகக் காத்திருந்தார். சௌராஷ்டிரக்காரர், தெப்பக்குளம் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். மணிக்கணக்காக நின்றதில் பேச்சுப் பழக்கம் ஆகிவிட்டது. இரண்டு டப்பாக்களும் ஒன்றாக வந்தன. மூடியில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருந்தது. சாந்தாராம் அப்போது போன் பேச வாசலுக்குப் போயிருந்தார். அந்த நாட்களில் நாம் எதைத்தான் சானிடைசர் அடிக்காமல் தொட்டோம்? பால் பாக்கெட், கத்தரிக்காய், கதவுப் பிடி எல்லாவற்றுக்கும் அடித்தோம். ஸ்டெல்லாவும், "அடிச்சுக் குடுங்கண்ணே" என்று சொல்லியிருக்கிறாள். டப்பாக்களைக் கொண்டுவந்த மயான ஊழியர் இரண்டு மூடிகளிலும் தாராளமாக அடித்தார். மார்க்கர் மை சானிடைசரில் இருக்கும் சாராயத்தில் கரையும் என்பது முப்பது வருடம் அறிவியல் நடத்திய எனக்குத் தெரியும். அந்த நிலையில் நானே நின்றிருந்தாலும் அது நினைவுக்கு வந்திருக்காது. இரண்டு பெயரும் கரைந்து ஓடின. "இதுதாம்மா உங்களுதுன்னு நெனைக்கிறேன்" என்று ஒன்றை அவளிடம் நீட்டினார். மற்றதை சாந்தாராம் வந்து வாங்கிக்கொண்டார். துணி சுற்றிக் கொடுத்ததால் அவர் மூடியைக் கவனிக்கவே இல்லை. மறுவாரம் ராமேசுவரம் போய்க் கடலில் கரைத்துவிட்டார்.

"ஒவ்வொரு வருசமும் அந்தத் தேதியில மெசேஜ் போடுவாருக்கா. 'சாப்பிட்டீங்களா அக்கா, தைரியமா இருங்க'ன்னு. அதுக்கு என்ன பதில் போட? உங்கம்மா எங்க வீட்டுல இருக்காங்களோ என்னவோன்னா போட முடியும்?"

எரிந்த சாம்பலைச் சோதித்து யாருடையது என்று சொல்ல முடியாது என்று மகள் விசாரித்துவிட்டாளாம். ஸ்டெல்லா மனதில் வேறொரு கேள்வியும் இருந்தது. "எரிஞ்சு, கலந்து, யாருன்னே தெரியாமப் போனவரு கடைசித் தீர்ப்பு நாள்ல எப்படிக்கா உயிர்த்தெழுவாரு?"

எனக்கு இறையியல் தெரியாது. எனக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொன்னேன். ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒருவன் இருபத்தைந்து வருடம் கழித்து ரேஷன் கடையில் வந்து நின்றான். தொப்பை, வழுக்கை, கண்ணாடி. அன்றிருந்த உடம்பில் எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எழுபது பிள்ளைகளை வைத்து மேய்த்த எனக்கே அது முடிகிறது என்றால், படைத்தவருக்கு மார்க்கர் மை தேவையில்லை. அவள் தலையாட்டினாள். பிறகு, "அது அவருக்கு சரிக்கா. சாந்தாராமுக்கு?" என்றாள்.

பகல் முழுக்க ஒரு ஆட்டோ பேசிக்கொண்டோம், ஆயிரத்து இருநூறு ரூபாய். கோச்சடையிலிருந்து வண்டியூர் தெப்பக்குளம் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர். ஊருக்குள் போக்குவரத்து நெரிசல் அதிகம், முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் கலகலப்பானவர்.

"அக்கா, வாளியக் கீழ வைங்க. மடியிலயே வச்சிருந்தா கை கடுக்காதா? உள்ள என்ன, வீட்டுக்காரருக்குச் சாப்பாடா?"

"வீட்டுக்காரருதான்ணே" என்றாள் ஸ்டெல்லா.

டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். பாட்டை நிறுத்தினார். பள்ளங்களில் வண்டியை ஏற்றி இறக்காமல் மெல்ல ஓட்ட ஆரம்பித்தார்.

தெப்பக்குளத்தில் தண்ணீர் நிரம்பியிருந்தது. மைய மண்டபம் நீரில் தலைகீழாகத் தெரிய, படிக்கட்டுச் சுவரில் குடும்பம் குடும்பமாகப் பொரி தின்றுகொண்டிருந்தார்கள். பார்க்க வேண்டிய இடம்தான். சாயங்காலம் வந்தால் காற்று நன்றாக இருக்கும். நாங்கள் நிற்கவில்லை.

ஜெராக்ஸ் கடை சிறியது. பின்னாலேயே வீடு. சாந்தாராமுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். "வாங்கக்கா, வாங்க, வாங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உள்ளே பார்த்துத் தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். ஸ்டெல்லா தண்ணீரைத் தொடாமல், டப்பா மூடியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். தான்தான் அடிக்கச் சொன்னது என்பதையும் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் ஆதார் அட்டையோடு வந்து நின்றார். "முன்னாடி பின்னாடி ரெண்டும் ஒரே பக்கத்துல வரணும் மாப்ள." சாந்தாராம் எடுத்துக் கொடுத்தார். ஒரே பக்கம் இரண்டு முறை வந்திருந்தது. அந்த ஆள் திட்டிக்கொண்டே நிற்க, மறுபடி எடுத்துக் கொடுத்து அனுப்பினார்.

பிறகு சொன்னார்: "அப்ப எங்கம்மாவுக்கு நான் ஒண்ணுமே செய்யல."

"அப்படி இல்ல தம்பி. சரியாவும் போயிருக்கலாம்."

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். இம்புட்டு வருசமா ஏன்க்கா சொல்லல? நாந்தான் மெசேஜ் போட்டுக்கிட்டே இருந்தேன்ல."

ஸ்டெல்லா டப்பாவை மடியோடு இழுத்துக்கொண்டாள்.

"முழுசையும் குடுத்துருங்க. நீங்க மண்ணுல புதைக்கப் போறீங்க. எங்கம்மாவ மண்ணுல வைக்க முடியாதுக்கா. ஆத்துலயோ கடல்லயோதான் விடணும்."

"இது அவராவும் இருக்கலாம்ல தம்பி" என்றாள். அவள் கை டப்பாவை விடவில்லை.

அவர் மனைவி அவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். பிறகு எங்களிடம் தமிழில், "பாதி குடுங்கக்கா, அது போதும். இவரு மனசு ஆறட்டும்" என்றார். சாந்தாராம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்டெல்லா ரோட்டோரம் வந்து பங்குத்தந்தைக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"சாம்பலப் பிரிக்கக் கூடாது, தூவக் கூடாதுன்னுதாம்மா நாங்க சொல்றது. செத்தவங்கள ஒரு பொருளாக்கிடக் கூடாதுன்னுதான் அந்த ஒழுங்கே. ஆனா இப்படி ஒண்ணு நடக்கும்னு யாரும் நெனச்சு எழுதல. அந்தத் தம்பி இடத்துல நீங்க இருந்தா என்ன கேப்பீங்க?"

"நானும் முழுசாத்தான் கேப்பேன் ஃபாதர்."

"கல்லறை மந்திரிக்கிற செபம் அஞ்சு மணிக்கு. நீங்க எதைக் கொண்டுவந்தாலும், ஒண்ணும் கொண்டுவராட்டியும், நான் அங்க நிக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

கைபேசியிலிருந்து செயற்கைக் கருத்தரிப்பு வரைக்கும் விசுவாசம் என்ன சொல்கிறது என்று கேள்வி பதில் புத்தகங்கள் வருகின்றன. நானும் வாங்கிப் படிப்பவள்தான். அன்று ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில், மண் லாரிகள் போகிற இரைச்சலில், எங்கள் கையில் இன்னொருவர் இடத்தில் நின்று பார் என்ற ஒன்று மட்டும் இருந்தது. அது எங்களுக்கு ஆறுதல் தரவில்லை. எங்களிடமிருந்து ஒன்றைக் கேட்டது, அவ்வளவுதான்.

ஸ்டெல்லா உள்ளே போய் டப்பாவை மேசையில் வைத்து, மூடியைத் திறந்தாள். அதை அவள் திறந்தது அதுவே முதல் முறை.

"நீங்களே எடுத்துக்கங்க தம்பி. எம்புட்டு வேணுமோ."

அவர் அவளைப் பார்த்தார். மனைவி ஒரு பித்தளைச் செம்பைக் கொண்டுவந்து வைத்தார். சாந்தாராம் கை கழுவிவிட்டு வந்து, கையாலேயே எடுத்தார். சாம்பலோடு வெள்ளை வெள்ளையாகச் சிறு துண்டுகள். எடுத்துக்கொண்டே வந்தவர், பாதி வந்ததும் நிறுத்தினார். டப்பாவில் மிச்சமிருந்ததை விரலால் ஒருமுறை சமமாக்கினார். உள்ளே போய்விட்டார். திரும்பி வரவில்லை.

வாசல் வரை வந்த மனைவி, "உங்க வீட்டுக்காரர் பேர் என்னக்கா?" என்று கேட்டார். ஸ்டெல்லா சொன்னாள். "எங்க அத்தை பேரு ராதாபாய்" என்றார் அவர்.

வண்டியூரிலிருந்து சமயநல்லூர் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். அங்கிருந்து வயல்களுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் போனால் அந்தோணிராஜின் ஊர். ஒரே தெரு, ஒரு சிறிய கோயில், பின்னால் கல்லறை. நாற்றுப் பச்சையில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. டிரைவர் தானாகவே ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி வாங்கி வந்தார். நான் ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை.

கல்லறையில் கூட்டம். சுண்ணாம்பு அடித்த சிலுவைகளில் செவ்வந்தி மாலை. ஆண்கள் புல் செதுக்கிக்கொண்டும், பெண்கள் மெழுகுவர்த்தி அணையாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டும் இருந்தார்கள். அந்தோணிராஜின் அப்பா கல்லறையில் தலைமாட்டில் ஓர் அடி தோண்டி வைத்திருந்தார்கள். ஃபாதர் குடை பிடித்தபடி ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து வந்தார். எங்களிடம் வந்ததும் டப்பாவைப் பார்த்தார். பாதி இருந்தது.

"பேரு சொல்லுங்கம்மா."

"அந்தோணிராஜ்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ராதாபாய்."

பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஃபாதர் இரண்டு பெயரையும் அதே வரிசையில், அதே குரலில் சொல்லிச் செபித்தார். டப்பாவைக் குழியில் வைக்கும்போது ஸ்டெல்லாவின் கை உடனே மேலே வரவில்லை. நான் தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் மடியில் வைக்க ஒன்றுமில்லாமல் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: கிராமக் கல்லறைகளில் மந்திரிப்பு சாயங்காலம் நாலு முதல் ஆறுக்குள் நடக்கும், பங்குக் கோயிலில் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். சமயநல்லூருக்குப் பேருந்து உண்டு, உள்ளே போக ஷேர் ஆட்டோ அன்று கிடைப்பது கஷ்டம், பேசி வைத்துக்கொண்டு போங்கள். குடை, தீப்பெட்டி இரண்டும் வேண்டும். மழை நாளில் மெல்லிய மெழுகுவர்த்தி நிற்காது, தடிமனானது வாங்குங்கள். கொரோனா வருடங்களில் யாரையாவது இழந்து, சாம்பலை வீட்டில் வைத்திருந்தால் உங்கள் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். யாரிடமாவது சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்று இருந்தால், அவர் கோபப்படுவார் என்றாலும் போய்ச் சொல்லிவிடுங்கள். ஸ்டெல்லா நிம்மதியாகிவிட்டாள் என்று நான் எழுத மாட்டேன். இப்போதெல்லாம் தூங்குகிறாள், அது எனக்குத் தெரியும்.

இந்தப் பதிவை முடிக்கும் முன் ஒன்று. ஸ்டெல்லா பெங்களூர் போன பிறகு, சாந்தாராமிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்ததாம். எனக்கும் அனுப்பினாள். பின்னால் கடல் சத்தம் கேட்கிறது.

"அக்கா, ராமேசுவரம் வந்திருக்கேன். இன்னைக்கு விட்டுட்டேன். ஐயரு பேரு கேட்டாரு, ரெண்டு பேரையும் சொன்னேன். அண்ணனுக்குக் கோத்திரம் என்னன்னு கேட்டாரு. என்ன சொல்றதுன்னு தெரியல. எங்க கோத்திரத்தையே சொல்லிட்டேன்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

கோத்திரம் என்றால் என்ன அக்கா என்று ஸ்டெல்லா போனில் கேட்டாள். இன்னார் வீட்டு வழியில் வந்தவர் என்று சொல்வது, தன் வீட்டு ஆளாக அவரைச் சொல்லியிருக்கிறார் என்றேன். "இன்னொரு தடவ சொல்லுக்கா" என்றாள். இன்னொரு தடவை சொன்னேன்.