பூட்டி அனுப்பிய வைத்தியக் கடிதம்

அம்மா கண்டிப் பெரியாஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சி குவைத்திலிருந்து பேசினாள். அங்கே ஒரு வீட்டில் வேலைக்கு இருக்கிறாள். மாலையில் ஒரு மணித்தியாலம் மட்டுமே போன் அவள் கையில் இருக்கும்.

"அண்ணே, மேடம் போகலாம்னு சொல்லிட்டாங்க. அம்மாவுக்குக் கடுமையா இருக்குன்னு டொக்டர்கிட்ட ஒரு காயிதம் வாங்கி மேடம் வீட்டுக்கார சேரோட ஒபிஸ் மெயிலுக்கு அனுப்பணுமாம். அது வந்தா அன்னைக்கே டிக்கெட் எடுத்துத் தருவாங்களாம்."

"அன்னைக்கேவா?"

"அப்படித்தான் சொல்றாங்க. அம்மா பேசுறாங்களா?"

"பேசுறாங்க. ஒன்னயத்தான் கேக்குறாங்க."

"நான் வர்ற வரைக்கும் இருக்கச் சொல்லுங்கண்ணே."

அம்மாவின் உயிருக்கு ஒரு வாரத்துக்கு மேல் உறுதி சொல்ல முடியாது என்று டொக்டர் அன்று காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தார். அதைத் தங்கச்சியிடம் சொல்லவில்லை. கடிதம் போனால் போதும், வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வார்ட்டில் கடிதம் கிடைத்தது. முத்திரையும் கையெழுத்தும் தெளிவாக இருந்தன. அங்கிருந்து நேராக பஸ் ஏறிப் பல்லேகலவுக்குப் போனேன். அங்கே ஓர் ஆடைத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். யாருடைய மின்னஞ்சலாவது போகவில்லை, இணைப்பு திறக்கவில்லை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் உடை மாதிரிகள் கசிந்துவிடக் கூடாது என்பதற்காக, முக்கியமான எதையும் ஒரே ஸிப் கோப்பாகச் சுருக்கி, கடவுச்சொல் போட்டுப் பூட்டி, அது கிடைத்தது என்று பதில் வந்த பிறகே கடவுச்சொல்லை வேறொரு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். இந்த விதியை மூன்று மொழியிலும் எழுதிச் சுவரில் ஒட்டியவன் நானே. அன்றைக்கும் கை அப்படியே செய்தது. டொக்டரின் கடிதம், ஆஸ்பத்திரி அட்டை, அம்மாவின் அடையாள அட்டை, தங்கச்சியின் பாஸ்போர்ட் பிரதி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பெயரிட்டு, வரிசைப்படுத்தி, பூட்டி, பதினொன்று நாற்பதுக்கு அனுப்பினேன். போகவில்லை என்று அது திரும்பி வரவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டது என்று குறித்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலை அவள் குரல் இறங்கியிருந்தது.

"ஒண்ணும் வரலன்னு சொல்றாங்கண்ணே."

"வரலன்னுதான் சொல்லுவாங்க. நான் அனுப்புனது என் கண்ணு முன்னாடி இருக்கு. நீ விடாம கேளு."

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் வந்த எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்கள். லீவு கேட்டால் காயிதம் வரவில்லை என்பார்கள். காயிதம் வந்தால் முத்திரை தெரியவில்லை என்பார்கள். பெரியம்மா மகளை அப்படித்தான் இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவனுக்கு வேறொன்று தோன்றவில்லை. புதன்கிழமை காலை அதே கோப்பை, அதே பூட்டோடு, இன்னொரு முறை அனுப்பினேன்.

அன்று மாலை தங்கச்சி அழுதாள்.

"சேரே கொம்பியூட்டரத் தொறந்து காட்டுனாருண்ணே. நான் பாத்தேன். நம்ம பேருல ஒண்ணுமே இல்ல."

"அழிச்சிட்டுக் காட்டியிருப்பாங்க."

"மேடம் அப்படி ஆளு இல்லண்ணே."

"ஒனக்கு ஒலகம் தெரியாது. சத்தம் போட்டுக் கேளு."

கேட்டிருக்கிறாள். அந்த வீட்டுக்குப் போன எட்டு வருடத்தில் முதல் தடவையாக.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கொள்வனவுப் பிரிவில் இருக்கும் முஸ்லிம் அண்ணன், எங்கள் எல்லாருக்கும் நானா, என் மேசைக்கு வந்தார். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வாடகை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அட்டைப்பெட்டி செய்து தரும் கம்பளை ஊர்க்காரர் மேல் கொதித்துப் போயிருந்தார்.

"அவன் பச்சப் பொய்யன் தம்பி. முந்தாநாளே ஓடர் அனுப்பீட்டன். வரல்லயாம். என்ட கொம்பியூட்டர்ல அனுப்பின அடையாளம் இரிக்கி. வேற ஆளுக்குப் பெட்டி செய்யப் போறான், அதுக்குத்தான் இந்தக் கத."

"எப்படி அனுப்பினீங்க நானா?"

"எப்படியா? ஒங்கட சட்டப்படிதான். சுருட்டி, பூட்டி, சாவி, கெடச்சிதுன்னு சொன்னப் பொறகு வேற கடிதத்துல. நீங்க செவுத்துல ஒட்டி வெச்சீக்கிறீங்களே, தொழுகைக்கு முந்தி கைகால் கழுவி ஒழுச் செய்ற மாதிரி ஒவ்வொண்ணா."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதே கேள்விக்கு மாதத்தில் நான்கைந்து பேருக்குப் பதில் சொல்கிறேன். சொல்லத் தொடங்கினேன்.

"அவர் பொய் சொல்லல்ல நானா. பூட்டின கோப்புக்குள்ள வைரஸ் இருக்கான்னு அவங்க பக்கத்து மெயிலால பாக்க ஏலாது. அதனால சில இடங்கள்ல உள்ளயே விடாது. நமக்கும் திருப்பி அனுப்பாது, அவருக்கும் சொல்லாது. பூட்டாம அனுப்பிப் பாருங்க..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே திங்கட்கிழமை நான் போட்ட பூட்டு கண்ணில் வந்தது.

"என்ன தம்பி? மொகமெல்லாம் வெளுத்துப் போச்சி."

என் கணினிப் பக்கம் திரும்பினேன். டொக்டரின் கடிதத்தை மட்டும், பூட்டில்லாமல், ஒற்றைத் தாளாக அனுப்பினேன். பத்து இருபத்தைந்து. நானா கதிரையை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பத்து ஐம்பதுக்குப் பதில் வந்தது. ஆங்கிலத்தில் சிறிய கடிதம். இப்போதுதான் கிடைத்தது, இன்றிரவு விமானத்தில் இடம் எடுத்தாயிற்று, உங்கள் தாயாருக்காக என் மனைவி பிரார்த்திக்கிறாள். அவ்வளவுதான்.

இருபத்தைந்து நிமிடம். திங்கட்கிழமை பூட்டாமல் அனுப்பியிருந்தால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் தங்கச்சி வார்ட்டில் இருந்திருப்பாள். இந்தக் கணக்கை அன்றிலிருந்து எத்தனை முறை போட்டிருப்பேன் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் விடை ஒன்றுதான்.

அன்று பின்னேரம் அம்மாவுக்கு நினைவு தப்பியது. வெள்ளிக்கிழமை விடியும் வேளையில், ஐந்து பத்துக்கு, போய்விட்டார். அப்போது தங்கச்சி விமானத்தில் இருந்தாள். ஒன்பது மணிக்கு விமான நிலையத்திலிருந்து என்னை அழைத்து, "வந்துட்டேண்ணே, அம்மாகிட்டச் சொல்லுங்க" என்றாள். சரி என்று சொல்லி, கட்டுகஸ்தோட்டையில் இறங்கச் சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும், அவள் தனியாக மூன்று மணித்தியாலத்துக்கும் மேல் பஸ்ஸில் வர வேண்டும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, ஆஸ்பத்திரியைத் தாண்டி ஏன் இங்கே வரச் சொன்னேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்தோம். ஆட்கள் கலைந்து, என் மனைவி பிள்ளைகளைக் குளிப்பாட்டப் போன பிறகு, குசினியில் அடுப்புப் பக்கத்தில் வைத்துத் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டு, கடவுச்சொல், நானா, இருபத்தைந்து நிமிடம். ஒன்றையும் மறைக்கவில்லை.

காய்ந்த துணி ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு, "நான் அவங்களப் பொய்க்காரின்னு கத்தினேனே அண்ணே" என்றாள். "மூஞ்சிக்கு நேரா."

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"திங்கக்கெழம அம்மா என்ன சாப்டாங்க?"

"கஞ்சி. பாதிதான் குடிச்சாங்க."

"திங்கக்கெழம நான் கார்ப்பெட் கழுவுனேன். மூணு கார்ப்பெட்டு." கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள், "செவ்வாக்கெழம?"

"பக்கத்துக் கட்டில்காரம்மாகிட்ட ஒன்னயப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தாங்க. சின்னதுல நீ அம்மாவோட தேயிலக் கொழுந்துக் கூடைக்குள்ள தூங்கிப்போனதச் சொல்லி ஒரே சிரிப்பு."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. வார்ட்டு நர்ஸ் மிஸ்ஸி வந்து சத்தம் போட்டிச்சு."

அவளும் கொஞ்சம் சிரித்தாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"புதன்?"

"அண்ணியக் கூப்பிட்டுத் தல சீவி விடச் சொன்னாங்க. இப்படியே பாத்தா அவ பயந்துருவான்னு."

"புதன்கெழமதான் சண்ட போட்டேன். பொறகு மேடமும் அழுதாங்க, நானும் அழுதேன்."

வெளியே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. நான் அடுத்த நாளைச் சொல்ல வாயெடுத்தேன்.

"வியாழக்கெழம வேணாம்ணே" என்றாள்.