போட்ரமை அறிந்திருந்த அமலதாஸ் அண்ணை

கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவிலிருந்து ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது செல்வி அக்காவின் அழைப்பு வந்தது. "அவர் போயிட்டார், தம்பி. நித்திரையிலையே போயிட்டார்." அவருடைய கணவர் அமலதாஸ் அண்ணைக்கு ஐம்பத்தெட்டு வயதுதான்.

நகரின் குறொன்லாண்ட் பகுதியில் ஒரு சிறிய பயண முகவர் நிலையத்தில் பதினொரு ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்தவன் நான். மன்னாரில் பிறந்தவர், அதிகம் கதைக்கமாட்டார். துருக்கியின் முக்லா மாகாணத்துக்கு யாராவது பயணச்சீட்டுக் கேட்டு வந்தால் மட்டும் வாய் திறப்பார். அந்த மாகாணத்துப் போட்ரம் நகரில் இருந்த பழைய மன்னனின் கல்லறை உலக அதிசயங்களில் ஒன்று என்பார். பிற்காலத்தில் சிலுவைப்போர் வீரர்கள் அதன் கற்களை எடுத்துக் கடலோரத்தில் கோட்டை கட்டியதையும் சொல்வார்.

"அங்கிள், ஒக்டோபர் லீவுக்குப் பிள்ளைகளோடை போனால் குளிருமோ?" என்று இங்கே பிறந்த ஒரு பெண் ஒருநாள் கேட்டார்.

"இல்லைப் பிள்ளை, அப்பவும் கடலிலை குளிக்கலாம். ஆகஸ்டிலைதான் வெயில் தாங்காது. பின்னேரத்திலை வடக்குக் காத்தும் பலம். மழை மார்கழி, தையிலை."

"எத்தினை தரம் போனனீங்கள்?"

"ஒருக்கா."

அந்த ஒருமுறையைப் பற்றி எனக்குச் சொல்ல அவருக்கு ஆறு ஆண்டுகள் எடுத்தன. இளவயதில் தம்பி றூபனோடு அகதியாக அந்தக் கரையிலிருந்து கிரேக்கத் தீவொன்றுக்குப் புறப்பட்டிருக்கிறார். தீவு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் படகு கவிழ்ந்தது.

"அவன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான். அலை அடிச்சுது. பிறகு பார்த்தா கையிலை ஒண்டுமில்லை."

உடல் கிடைக்கவில்லை. ஒஸ்லோ வந்து சேர்ந்து தாயாரோடு தொலைபேசியில் பேசியபோது உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தம்பி போட்ரமில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான், விசா இல்லாத பயத்தில் எவரோடும் கதைப்பதில்லை என்று சொல்லிவிட்டார். அதன்பின் ஞாயிறுதோறும் தாயார் கேட்டார்: அங்கே இப்போது மழையா, வெயிலா? அது எப்படிப்பட்ட ஊர்? கிட்டடியில் மாதா கோயில் இருக்கிறதா? பதில் சொல்வதற்காக அண்ணை நூலகத்துக்குப் போனார். பயண நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் அதற்காகத்தான்.

"அம்மாவுக்குப் பொய்தான் சொல்லுறன். அதையாவது பிழையில்லாமல் சொல்லவேணும்தானே" என்றார்.

அவர் இறந்த அன்று வீட்டுக்குப் போனபோது செல்வி அக்கா என்னிடம் தொலைபேசியை நீட்டினார். "நீங்கள் மாமிக்குச் சொல்லுங்கோ, என்னாலை ஏலாது." மன்னாரில் இருந்த அண்ணையின் தாயாருக்கு அழைத்துச் சொன்னேன். இளைய மகனுக்கு அறிவித்தாயிற்றா என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப இனி ரெண்டுபேருக்கும் சேர்த்துப் பூசை வையுங்கோ" என்றார்.

"அம்மா, றூபன்..."

"எனக்குத் தெரியும், மோனை. உயிரோடை இருந்தால் என்ரை பிள்ளை என்னோடை கதையாமல் இருப்பானே? நான் கேளாமல் விட்டிருந்தால், எனக்குத் தெரியுமெண்டு விளங்கி அமலன் உடைஞ்சு போயிருப்பான்."

சனிக்கிழமை பூசையில் பாதிரியார் இரண்டு பெயர்களையும் வாசித்தார். பனி கொட்டிக்கொண்டிருக்க, பெட்டியைக் குழியில் இறக்கினோம்.

அமலதாஸ் அண்ணை, அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நீங்கள் போய்வாருங்கள்.